உலைப் பெரியப்பாவைக் காப்பாற்றிய கதை

மனிதர்கள் இல்லாத ஊர் ஒன்று இருந்தது. கருவிகளும் இயந்திரங்களும் மட்டுமே குடியிருந்த ஊர். பெயர் திருகுபாளையம். மனிதர்கள்தான் இல்லையே தவிர, சங்கம், ஊர்வலம், சுவரொட்டி, பொன்னாடை எல்லாம் குறைவில்லாமல் இருந்தன.

பம்புசெட்டுக்குத் தண்டு கடைவதுதான் அங்கே தொழில். பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டு. அது இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர் கிணற்றிலேயே கிடக்க வேண்டியதுதான். எட்டுத் தெருக்களில் எழுநூறு லேத்துகள் இராப்பகலாகத் தண்டு கடைந்துகொண்டிருந்தன. மூன்றாம் தெருவில் இருந்தவள் லேத்தக்கா. அவளுக்குத் துணையாக அதே பட்டறையில் டிரில் இருந்தான். ஓட்டை போடுவது அவன் வேலை. அடுத்தவர் பேச்சிலும் அந்த வேலையைச் செய்துவிடுவான்.

லேத்தக்காவிடம் ஒரு கறார் உண்டு. தண்டு கடைய யார் கம்பி கொண்டுவந்தாலும் முதலில் ஒரு சீவல் சீவிப் பார்ப்பாள். சுருள் அறுபடாமல் ரிப்பன் போல நீண்டு வந்தால் வாங்குவாள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"பேச்செல்லாம் அப்புறம். மொதல்ல சுருளைக் காட்டு" என்பாள்.

கம்பி இரண்டு வழியில் ஊருக்குள் வந்தது. ஒருவன் துறைமுகத்தில் இறங்கி வரும் கப்பல் கம்பி. நேரானவன், கூச்ச சுபாவம், விலையும் மலிவு. இன்னொன்று ஊர்க் கோடியில் இருந்த உலைப் பெரியப்பா ஊற்றும் கம்பி. ஊரில் இருந்த இரும்பெல்லாம் ஏதோ ஒரு காலத்தில் அவர் வயிற்றிலிருந்து வந்ததுதான் என்பதால் எல்லோருக்கும் அவர் பெரியப்பா. அரை ஊரின் மின்சாரத்தைக் குடித்துவிட்டு ஏப்பம் விடுவார். அப்புறம் சாவகாசமாக ஒரு கம்பி ஊற்றுவார். அதை வாங்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. பெரியப்பா அதற்குச் சொன்ன காரணம் ஒன்றுதான்: சொந்தபந்தங்களுக்குப் பாசம் விட்டுப்போயிற்று.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அன்று எந்த இயந்திரமும் ஓடக் கூடாது. கும்பிட மனிதர்கள் இல்லாததால் இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று சந்தனம் பூசி, பொட்டு வைத்து, ஒன்றையொன்று கும்பிட்டுக்கொண்டன. பொரியையும் கடலையையும் யார் தின்றார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

மாலையும் கழுத்துமாக எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, பெரியப்பா சக்கர மேடையில் ஊருக்குள் வந்தார். கூடவே மைக் வந்தார். மைக்குக்குத் தலை பளபளவென்று இருக்கும். உள்ளே ஒன்றும் கிடையாது. பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவருடைய குரலைத்தான் பெரிதாக்கித் தருவார். இதனால் அவர் எல்லாக் கட்சியிலும் தலைவராக இருந்திருக்கிறார்.

"இரும்புச் சொந்தங்களே!" என்றார் மைக். "நம்ம பெரியப்பா அடுப்பு அணைய விடலாமா?"

"கூடாது!" என்றன எட்டுத் தெருவும்.

"எங்கிருந்தோ கப்பலேறி வர்றானே, அவன் நம்ம ரத்தமா?"

"இல்லை!"

"அப்படின்னா நூத்துக்கு இருபத்தஞ்சு சுங்கம்! துறைமுகத்துல கட்டிட்டு உள்ளே வரட்டும். யாரு கட்டுவாங்க? அவன் கட்டுவான்! நமக்கு ஒரு பைசா நஷ்டமில்லை! சம்மதம்னா கை தூக்குங்க!"

டிரில் மெதுவாகக் கேட்டான். "ஏனுங்க, அவன் கட்டுனா அதையும் வெலைல சேத்தி நம்மகிட்டத்தானே வாங்குவான்?"

மைக் 'கீய்ய்ய்' என்று ஒரு சத்தம் கொடுத்தார். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சங்கடமான கேள்விக்கெல்லாம் அவருடைய பதில் அதுதான்.

லேத்தக்கா எழுந்தாள். "பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க. உங்க கம்பில ஒரு சீவல் சீவிப் பாத்துட்டு கை தூக்கறனுங்க."

"பூஜையன்னைக்கு ஓடுவியா கண்ணு?" என்றார் பெரியப்பா. "நெத்திச் சந்தனம் இன்னும் காயலை. பெத்த வயித்தையே சீவிப் பாக்கோணும்னு நெனச்சுட்டியாக்கும்?"

தெருவே சிரித்தது. "சீவறாளாமா, சீவல்!" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். லேத்தக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுநாள் வரை பொறுத்திருந்தால் போதும், ஒரு சுருள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். ஆனால் மறுநாள் வரை மேடை இருக்காது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருளைப் பார்க்காமல் அவள் கை தூக்கினாள். எழுநூறு லேத்துகளும் தூக்கின.

துறைமுக வாசலில் ஒரு தடுப்புக் கட்டை இருந்தது. அதுவரை வெயிலில் மல்லாந்து கிடந்து, வண்டி வந்தால் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்திருக்கும். எல்லோரும் 'வாடா போடா' என்று கூப்பிடுவார்கள். சுங்கம் வந்த அன்று அதற்குச் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்தார்கள். அன்றிலிருந்து அது 'அவர்' ஆகிவிட்டது. ஒரு வணக்கம் வைக்காமல் யாரும் தாண்ட முடியாது.

அடுத்த வாரம் கப்பல் கம்பி பட்டறைக்கு வந்தபோது தலை குனிந்து நின்றான்.

"அக்கா, நூறு ரூவாயா இருந்தவன் நூத்தி இருபத்தஞ்சு ஆயிட்டேனுங்க. என் தப்பில்லீங்க."

"தெரியும் தம்பி. நான் பெரியப்பாகிட்டயே வாங்கிக்கறேன். அவரு நூத்திப் பன்னண்டுதான்" என்றாள் லேத்தக்கா.

அவளுக்கு அவசரம் இருந்தது. கிணற்றுச் சங்கத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. தை பிறப்பதற்குள் முந்நூறு தண்டு. அதைக் கொடுத்துவிட்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை. கொடுக்காவிட்டால் மூன்று மாதம் சும்மா நிற்க வேண்டிவரும். திருகுபாளையத்தில் மூன்று மாதம் சும்மா நின்ற இயந்திரம் காயலான் கடைக்குப் போய்விட வேண்டும். அது ஊர்க் கட்டுப்பாடு. யாருக்கும் விலக்கில்லை.

பெரியப்பா புது விலை சொன்னார். "நூத்தி இருபத்தி நாலு."

"போன மாசம் நூத்திப் பன்னண்டுன்னீங்களே?"

"அப்ப எனக்குப் போட்டி இருந்துச்சு கண்ணு. இப்பத்தான் கொஞ்சம் நிம்மதியா மூச்சு விடறேன்."

லேத்தக்கா வேறு வழியில்லாமல் வாங்கினாள். பட்டறைக்குக் கொண்டுவந்து கடித்துப் பிடித்து ஓட்டினாள். முதல் சீவலிலேயே 'டக்'கென்று சத்தம். வெட்டும் உளியின் மூக்கு உடைந்து தெறித்தது. கீழே சுருள் இல்லை. புட்டுமாவு போலத் தூள் கிடந்தது.

"பெரியப்பா, கம்பிக்குள்ளே கட்டிகட்டியா இருக்குதுங்க" என்று போய் நின்றாள்.

"ஊர்ப் பற்று இருந்தா கட்டி தெரியாது கண்ணு" என்றார் அவர்.

மூன்று உளிகள் உடைந்தன. பத்துத் தண்டு தேறியது. கிணற்றுச் சங்கத் தலைவர் எட்டிப் பார்த்தார். ஆழமான ஆள், குரல் கீழேயிருந்து வரும்.

"முந்நூறு கேட்டேன். பத்து இருக்குது. வெலையையும் ஏத்திச் சொல்றே. என்ன சாமி இது?"

"பெரியப்பாவைக் காப்பாத்தறமுங்க."

"காப்பாத்துங்க, வேண்டாங்கலை. எனக்குத் தண்ணி மேலே வரோணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

லேத்தக்கா டிரில்லைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். நூற்றி இருபத்தைந்துக்கு வாங்கினால் ஆர்டர் விலைக்குக் கட்டுப்படியாகாது என்பதால், முந்நூறு தண்டுக்கான கம்பியை மட்டும் பழைய விலைக்கு விடச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். வாசலில் கப்பல் கம்பிகள் வரிசையில் நின்றன. வெயில் கொளுத்தியது. எதிரே ஒரு மஞ்சள் மூட்டை தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்றான் டிரில்.

"அக்கரைக்குப் போனேன். அங்கேயும் ஒரு கட்டை வெச்சுட்டாங்க. உங்கூரு எங்க கம்பிக்குச் சுங்கம் போட்டா, நாங்க உங்க மஞ்சளுக்குப் போடுவோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கும் இரும்புக்கும் என்னய்யா ஒறவு? நான் பாட்டுக்கு ஈரோட்டுப் பக்கம் காஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அந்த நேரம் கப்பலிலிருந்து புத்தம் புதிய பம்பு ஒருவன் இறங்கி வந்தான். நீல வண்ணம், வார்னிஷ் வாசனை. கட்டை அவனை நிறுத்தினார்.

"நீ இரும்பா?"

"இல்லீங்க. பம்பு."

"உள்ளே என்ன இருக்குது?"

"இரும்புதாங்க. ஆனா பம்பு."

கட்டை தன் காகிதத்தைப் புரட்டினார். "பம்புன்னு இதுல எழுதலை. போலாம்." சரேலென்று மேலே எழுந்தார்.

லேத்தக்கா கட்டையின் முன்னால் போய் நின்றாள். "ஐயா! அவனுக்குள்ளே ஓடற தண்டு இதே கம்பிதானுங்க. இதோ வரிசைல நிக்கறானே, இவன் கூடப் பொறந்தவன்!"

"அது கடைஞ்சது. கடையாததுக்குத்தான் சுங்கம். சட்டம் தெளிவா இருக்குதம்மா."

"அப்படின்னா கம்பிய இங்க கொண்டுவந்து கடைஞ்சாத் தண்டனை. அங்கயே கடைஞ்சு கொண்டுவந்தா சலுகை. அதானுங்களே?"

"அதெல்லாம் மேலிடத்துல கேளு. தூக்கறதும் எறக்கறதும்தான் என் வேலை. மறக்காம வணக்கம் வெச்சுட்டுப் போ."

வரிசையில் நின்ற கப்பல் கம்பி தொண்டையைக் கனைத்தான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அடுத்த தடவை நானும் அங்கயே கடைஞ்சுட்டு வந்துரலாம்னு இருக்கனுங்க. எங்க ஊர்லயும் லேத்து இருக்காங்க. ரெண்டு ஷிப்டு ஓடறாங்களாம்."

"நல்லா இருக்கட்டும்" என்றாள் லேத்தக்கா.

திரும்பும் வழியில் மைக்கைப் பார்த்தார்கள். பெரியப்பாவுக்குப் பாராட்டு விழா முடிந்து, போர்த்திய துண்டுகளுக்கு நடுவே மைக் இளைப்பாறிக்கொண்டிருந்தார். பெரிய ஆள் யாரும் பக்கத்தில் இல்லாததால் சொந்தக் குரலில் பேசினார். அது மிகவும் சின்னக் குரல்.

"உலையில முப்பது பேர் வேலையைக் காப்பாத்தியிருக்கோம்" என்றார். "கரண்டி, இடுக்கி, அச்சு எல்லாத்துக்கும் வேலை. சாதாரணமா?"

"எட்டுத் தெருவுல எழுநூறு பேர் சும்மா உக்காந்திருக்கறமுங்களே?" என்றான் டிரில்.

"தம்பி, உனக்கு விவரம் பத்தலை. அந்த முப்பது பேரும் ஒரே எடத்துல நிக்கறாங்க. ஒரே போட்டோவுல அடங்கிருவாங்க. அத்தனை பேருக்கும் பெரியப்பாதான் காரணம், பெரியப்பாவுக்கு நான்தான் காரணம். நீங்க எழுநூறு பேரு எட்டுத் தெருவுல செதறிக் கெடக்கறீங்க. எந்தப் போட்டோவுல அடங்குவீங்க? அதுவுமில்லாம, ஒருத்தன் ஆர்டர் போச்சுங்கிறான், ஒருத்தன் உளி ஒடைஞ்சதுங்கிறான். இதுக்கெல்லாம் நான் எங்கே போய் ரிப்பன் வெட்டறது?"

"நாங்களும் கை தூக்கினமே ஐயா" என்றாள் லேத்தக்கா.

"அதைத்தான் மறக்க மாட்டேங்கிறேன்" என்றார் மைக். "முழு ஆதரவு."

தை பிறந்தது. கிணறுகளில் நீலப் பம்புகள் இறங்கின. தண்ணீர் நன்றாகவே வந்தது. அதில் யாருக்கும் குறையில்லை.

லேத்தக்கா காத்திருந்தாள். தினமும் காலையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொள்வாள், உடம்பு இறுகிவிடாமல் இருக்க. மாசியில் முதல் தெரு மூடியது. பங்குனியில் இரண்டாம் தெரு. மூன்று மாதம் முடிந்த அன்று காலையில் எடை மேடை வந்து நின்றது. மரியாதையான ஆள். "ஏறுங்கம்மா" என்று மட்டும் சொன்னது. எடையைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

டிரில்லுக்கும் அன்றுதான் கெடு. "அக்கா, அன்னைக்கு நான் கேட்ட கேள்வியை இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேட்டிருக்கோணும்" என்றான்.

"கேட்டிருந்தா மைக்கும் இன்னும் சத்தமாக் கீச்சுனு கத்தியிருப்பாரு. விடு" என்றாள் அவள்.

காயலான் கடையிலிருந்து இருவரும் அன்றைக்கே உலைக்குப் போனார்கள். பழைய இரும்பு அவ்வளவு மலிவாகப் பெரியப்பாவுக்கு எந்த வருஷமும் கிடைத்ததில்லை. கிரேன் லேத்தக்காவைத் தூக்கியபோது உலை முற்றம் முழுவதும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கம்பி, கம்பி, மதில் உயரத்துக்குக் கம்பி. மழையில் நனைந்து மேலெல்லாம் துரு. முப்பது பேரும் அதன் நிழலில் உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"வா கண்ணு, வா" என்றார் பெரியப்பா. உண்மையாகவே பாசமாகத்தான் சொன்னார். "பயப்படாத. உன்னை ஒரு கட்டியில்லாம நல்ல கம்பியா ஊத்தித் தர்றேன்."

சூடு அவள் முகத்தில் அடித்தது.

பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கறேன், வெளிய சொல்லிராத. வேலி போட்டாச்சு, வெளியாள் எவனும் வர்றதில்லை. அப்பறமும் ரெண்டு மாசமா முற்றத்துல ஒரு கம்பி நகரலை. முன்னெல்லாம் கொஞ்சமாச்சும் போகும். அதையெல்லாம் யாருதான் வாங்கிட்டிருந்தாங்க?"

கிரேன் பிடியைத் தளர்த்தியது.

"நாங்கதானுங்க, பெரியப்பா" என்றாள் லேத்தக்கா, இறங்கிக்கொண்டே.