மூட முடியாத அகழி

மலைக்கு ஓர் அரசன், ஆற்றுக்கு ஓர் அரசன் என்று ஆண்ட காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அந்தக் காலத்தில் கார்வயல் என்ற நாட்டை மருதவேள் ஆண்டான். நல்ல அரசன். குடிமக்கள் யாராவது வாசலில் வந்து நின்றால், உண்ணும் சோற்றை விட்டு எழுந்து வருவான்.

அந்த நாட்டுக்கு ஒரே ஒரு துன்பம். காட்டுப்பன்றி.

கதிர் முற்றும் நேரம் பார்த்துக் கூட்டமாக இறங்கும். தின்பது கொஞ்சம், மிதிப்பது அதிகம். முதலில் தினையை அழித்தது. பிறகு வரகை அழித்தது. கடைசியில் நெல்லுக்கும் வந்துவிட்டது.

அரசன் யோசித்தான். காட்டுக்கும் வயலுக்கும் நடுவே நீளமாக ஓர் அகழி வெட்டச் சொன்னான். அரசனுக்கு நம்பி என்று ஒரு தம்பி. அரண்மனைப் பிள்ளை என்று பாராமல் அவனும் மண்வெட்டியோடு பள்ளத்தில் இறங்கினான். ஒரு நாள் பெருமழை. கரை சரிந்து நம்பியை மூடிவிட்டது. தோண்டி எடுத்தபோது உடல்தான் கிடைத்தது.

அழுதுகொண்டே அகழியை வெட்டி முடித்தார்கள். நம்பி அகழி என்று பெயர் வைத்தார்கள். அதைப் பராமரிக்க ஆட்களைக் குடியேற்றினார்கள். ஆட்களுக்கு மேல் கொற்றன் என்று ஒரு கண்காணி. அவர்கள் பிழைப்புக்கு ஒவ்வோர் உழவனும் தன் களத்திலிருந்து ஒரு பங்கு நெல் அளந்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை. பன்றி வரவில்லையே!

காலம் நிற்குமா? மழை கரையைக் கரைத்தது. சரிவில் ஈச்சம்புதரும் சூரைமுள்ளும் தழைத்தன. ஆட்கள் ஒரு முனையில் வெட்டிக்கொண்டு போனால், மறுமுனையில் புதர் மூடிக்கொண்டு வந்தது. அடியில் ஈரம், மேலே நிழல், சுற்றிலும் மனிதர் நுழைய முடியாத முள். பன்றிக்கு வேறு என்ன வேண்டும்? காட்டில் இருந்த பன்றியெல்லாம் அகழிக்கே குடிவந்தது. அங்கேயே குட்டி போட்டது. முன்பு வயலுக்கு வர நெடுந்தூரம் நடக்க வேண்டும். இப்போது ஏறிக் குதித்தால் வயல்.

அரசனுக்கு ஆதனார் என்று ஓர் அமைச்சர். ஓர் அறுவடைக் காலத்தில் அவர் வயற்புறம் போனார். காரி என்ற உழவன் வண்டியில் சட்டிபானைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். எங்கே பயணம் என்று அமைச்சர் கேட்டார்.

"மாமனார் ஊருக்கு, ஐயா. விளைந்ததில் பாதி பன்றிக்கு. மிஞ்சியதில் அகழிக்கு ஒரு பங்கு. வைக்கோலைத் தின்று நான் எத்தனை நாள் இருப்பேன்?"

காரியின் மனைவி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அமைச்சர் அந்த வண்டி போகும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த அகழியை மூடிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார்.

முதலில் கொற்றனிடம் போனார். கொற்றன் கெட்டவன் இல்லை. விடியும் முன்பே கரையில் நிற்பவன். அகழிக்குள் பன்றி இருப்பது அவனுக்கும் தெரியும். ஆழம் போதவில்லை, அதனால்தான் என்றான். இன்னும் ஒரு முழம் வெட்டினால் சரியாகிவிடும் என்றான்.

அமைச்சர் பழைய ஆண்டுகளை நினைத்துப் பார்த்தார். பன்றி வராத ஆண்டில், அகழிதான் காத்தது, விட்டுவிடக் கூடாது என்றான் கொற்றன். பன்றி குறைந்த ஆண்டில், பலன் தெரிகிறது, இன்னும் வெட்டுவோம் என்றான். பன்றி பெருகிய ஆண்டில், அகழி போதவில்லை, ஆளைக் கூட்டுங்கள் என்றான். எது நடந்தாலும் அகழி வளர்ந்ததே தவிர, ஓர் ஆண்டும் அகழியின் மேல் குற்றம் விழவில்லை.

சரி, ஊரே சொல்லட்டும் என்று அமைச்சர் முரசறைந்தார். அகழி வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல அரண்மனை முற்றத்துக்கு வரச் சொன்னார்.

அகழி ஆட்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். மனைவி, மக்கள், கைக்குழந்தை எல்லோரோடும் வந்தார்கள். உழவர்களில் ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? கதிர் முற்றி நிற்கிறது. வயலை விட்டு நகர்ந்தால் பன்றி இறங்கிவிடும். தவிரவும், ஒரு பங்கு நெல்லுக்காக ஒரு நாளை இழப்பானேன் என்று ஒவ்வொருவனும் நினைத்தான். அடுத்த வயல்காரன் போய்ச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டான்.

முற்றத்தில் சாத்தி என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். அகழியில் மண் சுமப்பவள். இடுப்பில் பிள்ளை இருந்தது.

"அகழியால் பயன் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன், ஐயா. ஆனால் மூடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தப் பிள்ளை அதில்தான் சோறு தின்கிறது."

அமைச்சர் கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னார்.

மிஞ்சியது அரசன்தான். அரசனிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். புதரைச் சொன்னார், பன்றியைச் சொன்னார், காரியின் வண்டியைச் சொன்னார். மருதவேள் பொறுமையாகக் கேட்டான். எதையும் மறுக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இந்த அகழி வீண் என்றால், என் தம்பி எதற்காகச் செத்தான், அமைச்சரே?"

அமைச்சர் வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

அந்த ஆண்டும் ஆட்களைக் கூட்டினார்கள். அந்த ஆண்டும் வண்டிகள் நாட்டை விட்டுப் போயின.

நம்பி இறந்த நாள் வந்தது. ஆண்டுதோறும் அன்று அரசன் அகழிக் கரைக்குப் போய் விளக்கேற்றுவான். நம்பியின் மனைவி தேமொழியை முன்வரிசையில் அமர்த்துவார்கள். இதுவரை அவள் வந்து, அமர்ந்து, வணங்கி, பேசாமல் போய்விடுவாள். இந்த முறை அமைச்சர் முன்னதாகவே அவள் வீட்டுக்குப் போனார். அவளிடம் எதையும் கேட்க அவருக்குத் துணிவில்லை. காரியையும் சாத்தியையும் பற்றிச் சொன்னார். அரசன் கேட்ட கேள்வியையும் சொன்னார். தேமொழி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, நான் வருகிறேன் என்றாள். அவ்வளவுதான்.

கரையில் விளக்கேற்றியதும் அவள் எழுந்தாள். ஊர் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூத்தவரே, அவர் இந்தப் பள்ளத்துக்காகச் சாகவில்லை. அந்த வயல்களுக்காக இறங்கினார். வயல் தரிசாகக் கிடக்கிறது, பள்ளத்துக்கு விளக்கேற்றுகிறோம். இன்று அவர் உயிரோடு வந்தால் முதலில் மண்ணை வெட்டி இதை மூடுவார். உங்களுக்கே தெரியும்."

அரசன் கண்ணில் நீர் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. பிறகு அமைச்சரைப் பார்த்து, மூடினால் இவர்கள் எங்கே போவார்கள் என்று அகழி ஆட்களைக் காட்டிக் கேட்டான்.

அதற்கு மட்டும் அமைச்சர் இந்த முறை பதில் வைத்திருந்தார். சாத்தி பேசிய நாளிலிருந்து அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. புதரை அழித்து அகழியை மண் போட்டுத் தூர்க்கும் வேலை இவர்களுக்கே. தூர்த்த பிறகு அந்த நீண்ட நிலமும் இவர்களுக்கே. காட்டை ஒட்டிய முதல் வயல் இவர்களுடையதாக இருந்தால், பன்றி வராமல் இவர்களைவிட யார் நன்றாகக் காப்பார்கள்?

அரசன் அன்றே ஆணையிட்டான்.

புதர் எரிந்தது. பன்றிகள் காட்டுக்கு ஓடின. தூர்ந்த மண்ணில் சாத்தி வரகு விதைத்து, காட்டுப் பக்கமாக முள்வேலி கட்டினாள். மற்றவர்களும் கட்டினார்கள். பன்றி அடியோடு ஒழியவில்லை. எப்போதாவது ஒன்றிரண்டு வரும். ஆனால் நெல் களத்துக்கு வந்தது. போன வண்டிகளில் சில திரும்பின. காரியின் வண்டி திரும்பவில்லை.

கொற்றனை வேலிகளுக்குக் கண்காணி ஆக்கினார்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். சாகும்வரை, இன்னும் ஒரு முழம் வெட்டியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யாரும் அவனோடு வாதாடவில்லை.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: பலன் தராத ஏற்பாட்டை வீண் என்று காட்டினால் மட்டும் அதை நிறுத்த முடியாது, அதனால் பிழைப்பவருக்கு வேறு வாழ்வும், அதற்காக இழந்தவருக்கு உரிய மரியாதையும் தந்தால்தான் அது முடிவுக்கு வரும்.