அஞ்சாம் வகுப்புச் சட்டை

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்காவிட்டால் மறுபடி யூகேஜிதான் என்று சொல்லிவிட்டார் பள்ளித் தாளாளர் தணிகாசலம். அந்தப் பள்ளிக்குச் சீருடை தைக்கும் மரகதவல்லியின் மகள் பூவிழியும் ஒண்ணாம் வகுப்புதான். பெற்றோர் கூட்டத்துக்கு மரகதவல்லி அவளை அஞ்சாம் வகுப்புச் சீருடையில் கூட்டிவந்தாள். சட்டைக்கை தொங்கியது, பாவாடை தரையைப் பெருக்கியது.

"என்னம்மா கூத்து இது? வயசுக்கேத்த அளவுல தைக்கத் தெரியாதா?" என்று கத்தினார் தாளாளர்.

"தெரியும் சார். நீங்க குடுத்த பாடத்துக்கு அளவெடுத்துத் தச்சேன்."

கூட்டம் சிரித்தது. அந்தத் தைரியத்தில் வகுப்பு டீச்சரும் எழுந்தார்: "ஒண்ணாம் வகுப்புக்குச் சின்னச் சின்னச் சொல் வாசிச்சாலே போதும் சார்."

"இவ வாசிச்சுக் கிழிப்பாளா?" என்று இன்னும் உரக்கக் கத்தினார் தாளாளர்.

பூவிழி சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, அவர் தலைக்கு மேலே இருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்:

"சத்...தம் போ...டா...தே!"