காற்றின் கழுத்தில் மாட்டிய செதில்கள்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது, காற்றுக்கும் இருந்தது. காட்டில் யார் தொலைவு போவதானாலும் காற்றின் மேல் ஏறித்தான் போவார்கள். வீட்டுக்கு வீடு ஒரு காற்றைக் கொடியால் கட்டி வைத்திருப்பார்கள். கட்டிப் போட்டாலும் அது சும்மா நிற்காது. நின்ற இடத்திலேயே சருகைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

வேகமாகப் போனால் விழுவதும் உண்டு. அதற்காக எறும்புதின்னிகளான அழுங்குகள் உடம்பு முழுக்கச் செதில் உடுத்தின. முதுகுச் செதில் உடம்போடு பிறந்தது. வயிற்றுச் செதில் தனி. வெளியே கிளம்பும்போது விலாவில் கொக்கி போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும்.

வடிவு என்ற அழுங்குக்கு ஒரு குட்டி இருந்தது. அதன் செதில் இன்னும் இறுகவில்லை, கொழுந்து இலை போல வளைந்தது. அது சித்திரை மாதம். பக்கத்துப் புற்றுகள் எல்லாம் காய்ந்து, கறையான் ஆழத்துக்குப் போய்விட்டது. காலையிலிருந்து குட்டி பசியில் முனகிக்கொண்டே இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில் ஈரப் புற்று இருந்தது. வடிவு கொக்கிகளை மாட்டினாள். குட்டியை வாலின் மேல் ஏற்றிக்கொண்டு காற்றில் ஏறினாள்.

ஓடும்வரை குளுகுளுவென்றுதான் இருந்தது. பாதி வழியில் யானைக்கூட்டம் பாதையைக் கடந்தது. எல்லாரும் நிற்க வேண்டியதாயிற்று. நின்ற நொடியில் வெயில் வந்து அப்பிக்கொண்டது. செதிலுக்கு அடியில் வேர்வை ஊறி, வயிறெல்லாம் அரித்தது. சொறியலாம் என்றால் நகம் உள்ளே போகவில்லை. வடிவு நெளிந்தாள், முன்காலை மாற்றி மாற்றி வைத்தாள். யானைகள் முடிகிற வழியாக இல்லை.

பக்கத்தில் தன் காற்றின் மேல் வெறும் மார்போடு உட்கார்ந்திருந்தான் கடம்பன் என்ற முள்ளம்பன்றி.

"என்ன மைனி, கல்யாண வீட்டுக்கா? இந்த வெயில்ல முழு உடுப்பு?"

"விழுந்தா யார் பார்க்கிறது?"

"நான் எத்தனை வருசமா இப்படியே ஓட்டுறேன். ஒரு நாள் விழுந்திருக்கேனா?"

"வால் ஏன் குட்டையா இருக்கு, கொழுந்தனாரே?"

"அது பிறவியிலேயே அப்படி," என்றான் கடம்பன். "உள்ளேயே கிடந்து அவிஞ்சு போகாதீங்க. அந்தா தெரியுது பாருங்க மேடு. பக்கத்துலதானே."

பின்னால் குட்டி மறுபடி முனகியது. வடிவுக்கு அரிப்பு தாங்கவில்லை. ஒரு கொக்கியைக் கழற்றினாள். உள்ளே காற்றுப் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எல்லாக் கொக்கிகளையும் கழற்றி, வயிற்றுச் செதிலைக் கொத்தாகக் காற்றின் கழுத்தில் மாட்டினாள்.

"என் கழுத்துல மாட்டி என்ன பிரயோசனம், வடிவக்கா? விழப் போறது நானில்லையே," என்றது காற்று.

"கையெட்டுற தூரத்துலதானே இருக்கு. வேணுங்கிறப்போ போட்டுக்குவேன். நீ போ."

யானைகள் விலகின. காற்று பாய்ந்தது. மேட்டு வளைவில் புதருக்குள்ளிருந்து ஒரு சருகுமான் குறுக்கே வந்தது. காற்று சட்டென்று வெட்டித் திரும்பியது.

வடிவு சரளைச் சரிவில் குப்புற விழுந்து சறுக்கினாள். சூடான கல் வயிற்றுத் தோலை உரித்தது. அவளுக்கும் முன்னால் குட்டி உருண்டு போய்க்கொண்டிருந்தது, கீழே பாறைகள். கையெட்டுகிற தூரத்தில் எதுவும் இல்லை. ஒரே எம்பில் குட்டியைப் பிடித்து, ரத்தம் கசிந்த வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். தலையை உள்ளே இழுத்து, வாலால் மூடி, பந்தாகச் சுருண்டாள். முதுகில் பாறை மோதியது. மறுபடி மோதியது.

"அம்மா, இருட்டா இருக்கு."

"இருக்கட்டும். இன்னும் நிக்கலை."

அடிவாரத்தில் நின்றது. சுருளை அவிழ்க்க நெடுநேரம் பயந்தாள். குட்டிக்கு ஒரு கீறலும் இல்லை. அவள் வயிற்றில் மட்டும் தோலே மிஞ்சவில்லை. கடம்பன் இறங்கி வந்து பார்த்தான். அவன் உடம்பில் முள் ஒவ்வொன்றும் விறைத்து நின்றது.

காற்று மிரண்டு ஓடிவிட்டது, கழுத்தில் செதிலோடு. மீதி வழியை வடிவு நடந்தே கடந்தாள். குட்டி வயிறார உண்டது. அவளுடைய புண் ஆறி மென்தோல் மூடியது. ஆனால் போட்டுக்கொள்ளச் செதில் திரும்பி வரவில்லை. கொண்டுவந்து கொடுக்கக் காற்றுக்கு முகமில்லை. யாரையும் முதுகில் ஏற்ற அதற்குத் தைரியமும் இல்லை.

அன்று முதல்தான் அழுங்குக்கு வயிற்றில் செதில் இல்லை. ஒரு சருகு அசைந்தாலும் அது முதலில் வயிற்றைத்தான் சுருட்டி மறைக்கிறது. வெயிலுக்குப் பயந்து ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களின் காதில், "போட்டுக்கோ, போட்டுக்கோ" என்று காற்று விடாமல் இரைவதும் அன்று முதல்தான்.