டஸ்டரின் நாடித்துடிப்பு

பேராசிரியர் மங்களேஸ்வரியின் மேசைமீது இரண்டு கருவிகள் இருந்தன. எதிரே மின்னணுவியல் இறுதியாண்டு மாணவியர் இருவர் நின்றனர். இருவரும் சேர்ந்து செய்யும் புராஜெக்ட்டுக்கு உரிய தலைப்பை அன்று மாலைக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

முதற்கருவி பளபளத்தது. விரலில் மாட்டினால் நாடித்துடிப்பைத் திரையில் காட்டும். ஜெனிபர் அதை நகரத்துக் கடையொன்றில், அறிக்கையோடு சேர்த்து, ஆயத்தமாகவே வாங்கி வந்திருந்தாள்.

மற்றொன்று ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா. அதனுள்ளே ஒலியை உணரும் சென்சார். நீண்ட வயரின் நுனியில் ஒரு சிவப்பு விளக்கு. குக்கர் மூன்று விசில் அடித்ததும் விளக்கு எரியும். செவ்வந்தி தன் கையாலேயே செய்தது. அவளுடைய தாய்க்குப் பிறவியிலேயே காது கேளாது.

"எதை எடுப்பது, மேடம்?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"இதில் கேட்க என்ன இருக்கிறது?" என்றாள் ஜெனிபர். "இவளுடையதை எடுத்தால் வகுப்பே விசிலடிக்கும், மேடம். இப்போதே இவளைக் 'குக்கர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்."

"உன் கருவி தவறியதுண்டா?" என்று ஜெனிபரைக் கேட்டார் பேராசிரியர்.

"ஒருமுறைகூட இல்லை, மேடம்." ஜெனிபர் விரலை மாட்டிக் காட்டினாள். திரையில் எழுபத்திரண்டு.

பேராசிரியர் அதை வாங்கினார். கரும்பலகையருகே கிடந்த டஸ்டரின் விளிம்பில் மாட்டினார்.

எழுபத்திரண்டு. எழுபத்து மூன்று. மீண்டும் எழுபத்திரண்டு.

"டஸ்டர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது," என்றார் பேராசிரியர்.

ஜெனிபரின் காது மடல்கள் சிவந்தன. "எண்ணைப் புரோகிராமிலேயே எழுதி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது..."

பேராசிரியர் டப்பாவின் பக்கம் திரும்பினார். "இது?"

செவ்வந்தி தலைகுனிந்தாள். "தவறிவிட்டது, மேடம். ஞாயிற்றுக்கிழமை குக்கர் ஒரே விசில்தான் அடித்தது. தெருவில் ஐஸ் வண்டிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அதையும் சேர்த்து எண்ணி விளக்கு எரிந்துவிட்டது. அம்மா ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டார். சோறு அரை வேக்காடு."

"சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டோம். 'உன் பட்டப்படிப்பை இன்றைக்குத்தான் மென்று பார்த்தேன்' என்றார் அப்பா."

ஜெனிபர் சிரித்துவிட்டாள். பேராசிரியர் சிரிக்கவில்லை.

"ஓடி வந்தார் என்றாயே. எங்கிருந்து?"

"மாடியிலிருந்து. விளக்கை அங்கேதான் மாட்டியிருந்தேன். துணி காயப்போடப் போயிருந்தார்."

"வழக்கமாக, அடுப்பு எரியும்போது எங்கே இருப்பார்?"

"குக்கருக்கு எதிரே, மேடம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெயிட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். யார் வந்தாலும் எழுந்திருக்க மா..."

செவ்வந்தி பாதியில் நிறுத்தினாள்.

"அன்று?"

"துணி எல்லாவற்றையும் காயப்போட்டு முடித்திருந்தார். பக்கத்து மாடி அத்தையோடு ஜாடையில் பேசிக்கொண்டிருந்தார். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்." அவள் குரல் தணிந்தது. "நான் சோற்றை மட்டும்தான் பார்த்தேன், மேடம்."

 

ஜெனிபர் தன் கருவியை டஸ்டரிலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டாள். டிபன் டப்பாவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தாள்.

"ஹாரனின் அதிர்வெண் வேறு, விசிலின் அதிர்வெண் வேறு. பிரித்துவிட முடியாதா, குக்கர்?"

"முடியும் என்றுதான் நினைக்கிறேன்."

"நினைத்தால் போதாது," என்றார் பேராசிரியர். "பிரித்துக் காட்ட வேண்டும். அரை வேக்காட்டுக்கு நான் கையெழுத்திட மாட்டேன்."

"சரி, மேடம்."

வாசல்வரை சென்ற செவ்வந்தி திரும்பி நின்றாள். டப்பாவை மார்போடு அணைத்திருந்தாள்.

"வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் இதைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா?' என்று கேட்டால்?"

பேராசிரியர் டஸ்டரை எடுத்துக் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். திரும்பாமலே சொன்னார்:

"உன் முதல் தேர்வாளர் அடுப்பை விட்டு எழுந்து மாடி ஏறிவிட்டார், செவ்வந்தி. கேட்பவர்களை அந்த மாடிக்கு அழைத்துப் போ."