சலேத்தம்மா வீட்டு வெள்ளைச் சுவரு

ஒரு ஊர்ல ஒரு துறைமுகம் இருந்துச்சாம். சங்குமுனைன்னு பேரு. ம் கொட்டு, அப்போதான் மேல சொல்லுவேன். ம்... அங்க உள்தண்ணி நல்ல ஆழம். வெளியில எவ்வளவு புயல் அடிச்சாலும் உள்ள கப்பல் தொட்டில்ல கிடக்கிற பிள்ளை மாதிரி கிடக்கும். அதனால மூணு ராஜா அதுக்கு ஆசைப்பட்டாங்க. மொத ராஜா கோட்டை கட்டினான். ரெண்டாவது ராஜா வந்து அதைப் பிடிச்சுக்கிட்டான். மூணாவது ராஜா நாப்பது கப்பலோட வந்தான், ஆனா சண்டையே நடக்கல. ஏன்னா வாசல்ல தண்ணிக்கு அடியில மாட்டுமுதுகுப் பாறைன்னு ஒண்ணு படுத்திருக்கு. மடார்! மடார்! ரெண்டு கப்பல் போச்சு. மிச்சம் முப்பத்தெட்டும் வந்த வழியே திரும்பிருச்சு.

அப்புறம் சர்க்கார் வந்துச்சு. கப்பல் கட்ட மேடை, சாமான் வைக்கக் கிடங்கு, கலங்கரை விளக்கம், கிரேன் எல்லாம் வந்துச்சு. அந்தக் கிரேன் மொதமொதல்ல எதை இறக்குச்சு தெரியுமா? ஒரு குதிரையை! வயித்துல பட்டையைக் கட்டி அந்தரத்துல தொங்கவிட்டாங்க. பாவம், நாலு காலையும் நீட்டிக்கிட்டு அப்படியே மரக்கட்டை மாதிரி இருந்துச்சாம். தரையில விட்டதுதான் தாமசம், டக்கடிக் டக்கடிக்னு ஓடி மீன் கடைக்குள்ள புகுந்துருச்சு... அது கிடக்கட்டும், எங்க விட்டேன்?

"பாறை."

ஆங், பாறை. கலங்கரை விளக்கம் இங்க கரை இருக்குன்னு சொல்லும், பாறைக்குப் பக்கத்துல எந்த வழியா வரணும்னு சொல்லாது. அதைச் சொல்றதுக்கு ஆளு இருக்காங்க, பைலட்டு. சின்னப் படகுல போய், கப்பல்ல தொங்கற கயித்து ஏணியில ஏறி, கப்பலை உள்ள கூட்டிட்டு வருவாங்க. அங்க பைலட்டு கஸ்பார் அண்ணன். அவருக்கு ரெண்டு அடையாளம். பின்னால மேட்டுல மாதா கோயில் கோபுரம். முன்னால கரையில ஒரு வெள்ளைச் சுவரு. சுவருக்கு நேர் மேல கோபுரம் நின்னா வழி சரி. கோபுரம் வலப்பக்கம் ஒதுங்கினா, கப்பலும் வலப்பக்கம் ஒதுங்கிருச்சுன்னு அர்த்தம்.

அந்தச் சுவரு சலேத்தம்மா வீட்டுச் சுவரு. வருஷத்துக்கு ரெண்டு தரம் துறைமுகத்து ஆளுங்க வந்து சும்மாவே வெள்ளையடிச்சுட்டுப் போவாங்க. ஏன்னு இவ கேக்கல, அவங்களும் சொல்லல.

இவ புருஷன் தொம்மை கப்பல்ல வேலை பாக்குறவர். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் இப்போ ஊருக்குத் திரும்பி வர்றார்னு சேதி வந்துச்சு. இவளுக்குத் தலைகால் புரியல. ஆப்பம் சுடணும், மீன் குழம்பு வைக்கணும், ஆனா அடுப்புக்கு வறட்டி இல்ல. பின்சுவரு மழையில ஊறிக் கிடக்கு. கடல் பக்கத்துச் சுவருலதான் நாள் பூரா வெயில். சாணியை உருட்டினா. சொத்! சொத்! சொத்! மத்தியானத்துக்குள்ள சுவரு பூரா வறட்டி.

அப்போ கடல்ல, பூஊஊம்!

கஸ்பார் அண்ணன் கப்பல் மேல நின்னு பாக்குறார், கோபுரம் இருக்கு, சுவரைக் காணோம். காத்து கப்பலைப் பாறைப் பக்கம் தள்ளுது.

"நங்கூரம் போட வேண்டியதுதானே?"

கெட்டிக்காரி! போட்டாங்களே. அடியில வழவழ பாறை, நங்கூரம் பிடிக்காம கர்ர்ருன்னு இழுத்துக்கிட்டே போகுது.

துறைமுகத்துல கப்பலுக்குக் கொடி காட்டுற மேடையில இருந்த மிக்கேல் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஏ சலேத்தக்கா! கப்பலுக்கு அடையாளமே உன் சுவருதான்! உன் வீட்டுக்காரர் வர்ற கப்பல்!"

"அட பாவிகளா, இதை இப்பவா சொல்றீங்க?"

மொதல்ல வறட்டியைப் பிச்சுப் போட்டா. வட்டவட்டமா கறை நின்னுச்சு. அப்புறம் மிக்கேல் ஒரு வாளி சுண்ணாம்பைச் சளார்னு அடிச்சான். சுண்ணாம்பு ஈரத்துல தெரியாது, காய்ஞ்சாதான் வெளுக்கும். பூஊஊம்! கப்பல் இன்னும் பாறைகிட்ட போயிருச்சு.

மூணாவதா சலேத்தம்மா தெருவுல நின்னு கத்தினா. "வெள்ளை வேட்டி கட்டின ஆம்பளை எல்லாம் அவுத்துக் குடுங்க!"

"ஏம்மா, எங்க மானம் என்னாகும்?"

"பாறையில போனா எல்லாமே போயிரும்! அவுருங்க!"

எல்லாரும் கோவணத்தோட நின்னு, சிலர் கூரையில, சிலர் கீழ, வேட்டியை விரிச்சுப் பிடிச்சாங்க. படபட படபட. கப்பல்ல கஸ்பார் அண்ணன் கண்ணைக் கசக்கினார். "தொம்மை, உன் வீட்டுச் சுவரு ஆடுதுடா!" ஆனா அதுக்கு மேல கோபுரம் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுருச்சே! இடப்பக்கம் திருப்பு, இன்னும் கொஞ்சம்... மாட்டுமுதுகு சர்ர்ருன்னு நுரையோட பக்கத்துல போச்சு. கப்பல் உள்ள வந்துருச்சு.

மறுநாள் துறைமுக ஆபீசர் வந்து குதிச்சார். "சுவத்துல சாணி தட்டலாமா?"

"பன்னெண்டு வருஷமா வெள்ளையடிச்சீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

 கஸ்பார் அண்ணன்தான் சொன்னார், "வாம்மா, வந்து பாரு"ன்னு. படகுல ஏத்திக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனார். அன்னைக்குத்தான் அவ தன் வீட்டைக் கடல்ல இருந்து பாக்குறா. விரல் நகம் அளவு ஒரு வெள்ளை. கோபுரம், சுவரு கணக்கைச் சொல்லிக்கிட்டே கஸ்பார் அண்ணன் படகைக் கரைக்குத் திருப்பினார், அவ சுவரையே பாத்துக்கிட்டு வந்தா. அப்புறம் சடக்னு நிமிர்ந்தா.

"அண்ணே, பேசிட்டே எங்க போறீங்க? கோபுரம் வலப்பக்கம் ஒதுங்குது. இடப்பக்கம் திருப்புங்க!"

கஸ்பார் அண்ணன் திருப்பினார்.

படகு வந்தாச்சு, கயிறு கட்டியாச்சு, கதையும் கரை சேந்தாச்சு. கண்ணை மூடு.