மாறுவேடமும் கெட்டி மோரும்

மாறுவேடத்தில் நகர்வலம் போன அரசர்களை யாரும் அடையாளம் கண்டதில்லை என்று பலரும் நம்புகிறார்கள். உலக நன்மை கருதி இதைத் திருத்தியாக வேண்டும். எல்லோரும் கண்டுகொண்டார்கள். கண்டுகொள்ளாத மாதிரி நடிக்க மக்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பனிக்குன்றத்து அரசர் உத்தண்டராயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தலைநகரம் மலை உச்சியில் இருந்தது. சித்திரை மாதத்திலும் சபையில் கம்பளிச் சால்வை போர்த்தித்தான் உட்காருவார். நாட்டின் தென்கோடியிலோ வெக்கைப்பட்டினம். மணல், உப்புக்காற்று, வெயில். ஊருக்கு ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதையும் கோட்டைத் தலைவர் பூட்டிவிட்டுத் தன் தோட்டத்துக்கு மட்டும் இறைக்கிறார் என்று சபையில் சொன்னவன் அரசவை விகடகவி வில்வபதி. அரசர் பக்கத்தில் இருந்துகொண்டே உண்மை பேசும் கெட்ட பழக்கம் அவனுக்கு உண்டு.

அந்தக் கோட்டைத் தலைவர், அரசரின் உடுப்பு அதிகாரி மாதேவப்பனுக்கு மைத்துனர்.

"சுத்தப் பொய், மகாராஜா," என்றார் மாதேவப்பன். "நீங்களே மாறுவேடத்தில் போய்ப் பாருங்கள். அந்த ஊர்க்காரர் மாதிரியே உங்களை மாற்றிவிடுகிறேன். பொய் என்று தெரிந்தால் வில்வபதி நாட்டை விட்டுப் போகட்டும்."

"என்ன சொல்கிறாய், வில்வபதி?"

"சரி, மகாராஜா. இந்தக் குளிர் எனக்கும் ஒத்துக்கொள்ளவில்லை."

உடுப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முரட்டு வேட்டி, அதை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியாயிற்று. தோளில் துண்டு, தலையில் ஓலைத் தொப்பி. எல்லாம் புதிது, கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்றது. அதே வேட்டி, அதே துண்டில் பின்னால் பத்துக் காவலர்கள்.

வெக்கைப்பட்டினத்தின் உச்சி வெயிலில் அரசர், மாதேவப்பனும் வில்வபதியும் கூட வர, கடைத்தெருவில் உலா வந்தார். ஊர் மொத்தமும் நிழலில் கிடந்தது. புழுதி பட்டு அரசர் ஒரு தும்மல் போட்டார். பத்துக் காவலர்களும் மடித்துக் கட்டிய வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி நின்றார்கள்.

வேப்ப மரத்தடியில் வேலாத்தாள் என்ற மோர்க்காரி பானையோடு உட்கார்ந்திருந்தாள். அரசர் கேட்டார்: "ஊரில் ஏதாவது குறை உண்டா, அம்மா?"

"குறையா? ஒண்ணும் இல்லீங்க."

"கோட்டைத் தலைவர்?"

"தங்கமானவருங்க. மோர் குடிங்க. காசெல்லாம் வேண்டாம்."

குடித்தார். கரண்டியால் அள்ளும் பதத்தில் இருந்தது மோர்.

"பார்த்தீர்களா, மகாராஜா?" என்று மாதேவப்பன் காதைக் கடித்தார். "பஞ்சத்தில் அடிபட்ட ஊரில் இப்படிக் கெட்டி மோர் கிடைக்குமா?"

அரசர் முகம் இறுகியது. "வில்வபதி, மூட்டை கட்டு."

"கட்டிவிட்டேன், மகாராஜா. போகும் முன் ஓர் ஆசை. நாளை உச்சி வேளையில் உங்கள் ராஜ உடுப்பை நான் போட்டுக்கொண்டு இந்தத் தெருவில் வர வேண்டும். நீங்கள் காவலர்களை விட்டுவிட்டு இதே வேட்டியில் நின்று பாருங்கள்."

"பைத்தியம் பிடித்துவிட்டது," என்று மகிழ்ந்தார் மாதேவப்பன். அரசரும் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் பல்லக்கு வந்தது. உள்ளே வெல்வெட் அங்கி, கம்பளிச் சால்வை, கிரீடம். நடுவில் எங்கோ வில்வபதி. ஊரே எழுந்து ஓடியது. "தெய்வமே, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று பல்லக்கைச் சுற்றி ஒரே முழக்கம். இடித்துத் தள்ளியதில் உண்மையான அரசர் வேப்ப மரத்தடியில் போய் விழுந்தார்.

"கொஞ்சம் மோர் கொடு, அம்மா."

வேலாத்தாள் கை நீட்டினாள். "காசை வை. நேத்து குடிச்சதுக்கும் சேர்த்து."

"நேற்று வேண்டாம் என்றாயே?"

"நேத்து உன்னை ராஜான்னு நெனச்சேன்யா. நிஜ ராஜா இப்பத்தானே போறாரு. இந்த வெயில்ல கம்பளி போத்திக்கிட்டு வேர்க்காத மாதிரி உக்காந்திருக்காரே, அது ராஜாவால மட்டுந்தான் முடியும்."

"என்னை எப்படி ராஜா என்று நினைத்தாய்? உங்கள் ஊர் உடுப்புதானே போட்டிருந்தேன்?"

"உடுப்பு கெடக்கட்டும். உச்சி வெயில்ல எந்த ஊர்க்காரன் நடப்பான்? நீ தும்மினா பத்துப் பேர் துண்டை எறக்குறான். போதாததுக்கு முந்தாநாளே தமுக்கு அடிச்சாச்சு. ராஜா மாறுவேசத்துல வர்றாரு, யாரும் கண்டுக்கக் கூடாது, குறைன்னு எவனாவது வாயைத் திறந்தா தோலை உரிப்போம்னு."

"தமுக்கு அடிக்கச் சொன்னது யார்?"

"கோட்டைத் தலைவருதான். அவரு மச்சான் அரமனையில ராஜாவுக்குத் துணி மாட்டி விடுறவராம். ஆளனுப்பிச் சொன்னாராம்."

"அப்படியானால் கிணறு?"

"பூட்டிக் கெடக்கு. நாங்க உவர்த் தண்ணி குடிச்சுச் சாகுறோம்."

"ஆனால் மோர் கெட்டியாக இருக்கிறதே?"

வேலாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கெட்டியா இல்லாம? கலக்கத் தண்ணி எங்கய்யா இருக்கு? சரி, காசை எடு."

அரசரின் இடுப்பில் காசு இல்லை. பிறந்ததிலிருந்தே இருந்ததில்லை. அவள் துண்டை உருவி வைத்துக்கொண்டாள்.

பல்லக்கு கோட்டை வாசலில் இறங்கியபோது, அரசர் துண்டில்லாமல் வந்து சேர்ந்தார். மாதேவப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்ன வித்தை, வில்வபதி?" என்று கேட்டார் அரசர்.

"வித்தை இல்லை, மகாராஜா. நேற்று நீங்கள் அவர்கள் உடுப்பைப் போட்டீர்கள், அரசராகவே இருந்தீர்கள். இன்று உங்கள் உடுப்பை நான் போட்டேன். நீங்கள் உள்ளூர்க்காரர் ஆகிவிட்டீர்கள்."

அரசர் சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு தொப்பி விழும் அளவுக்கு. "என்ன பரிசு வேண்டும், கேள்."

"இந்தச் சால்வையை யாராவது கழற்றிவிட்டால் போதும்."

கழற்றினார்கள். அரசர் அதைக் கோட்டைத் தலைவருக்குப் போர்த்திவிட்டார். மாதேவப்பனுக்கு அங்கி. இருவரும் கோடை முடியும் வரை அந்தக் கிணற்றில் ஊருக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அன்று மாலையே பூட்டு உடைந்தது.

அடுத்த வாரத்திலிருந்து வேலாத்தாளின் மோர் தண்ணீராக இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.