பன்னிரண்டு கிலோ

இது நான் நேரில் பார்த்ததல்ல. பேக்கிங் பிரிவில் இருக்கும் ஹெலன் அக்கா சொன்னது. நடந்தபோது அவர் அடுத்த மேசையில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாராம். இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் சொன்னார். ஓரிடத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கோவையில் ஒரு பட்டறை. தொட்டில் ஸ்பிரிங் செய்கிறார்கள். கூரைக் கொக்கியில் ஸ்பிரிங்கை மாட்டி, அதில் சேலையைக் கட்டிக் குழந்தையைப் போடுவார்களே, அது.

பட்டறைக்கு ஓர் இணையதளம் உண்டு. ஸ்பிரிங் வகைகளுக்குத் தனித்தனிப் பக்கங்கள். கூடவே பெற்றோர்களுக்கான கட்டுரைகள். அதை அமைத்துக் கொடுத்தவர் ஷமீமா. வயது இருபத்தாறு. வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை வருவார்.

தளத்தைப் பார்த்துக்கொண்டவர் குப்புராஜ். வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருடம் எடை சோதிக்கும் மேசையில் இருந்துவிட்டு, தானே கேட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஷமீமாவை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் கவலைப்படவில்லை.

ஷமீமா அமைத்த முறை எளிமையானது. எழுத்தெல்லாம் சாதாரணக் கோப்புகளில் இருக்கும். எடை, நீளம் போன்ற எண்கள் ஒரு பட்டியலில் இருக்கும். ஒரு கட்டளை கொடுத்தால், எழுத்தையும் எண்ணையும் எடுத்து, எல்லாப் பக்கங்களையும் புதிதாகச் செய்து 'பப்ளிக்' என்ற ஃபோல்டரில் போட்டுவிடும். அந்த ஃபோல்டரை இணையத்தில் ஏற்றினால் போதும்.

ஒரு திங்கட்கிழமை, சின்ன ஸ்பிரிங்கின் பக்கத்தில் ஒரு தவறு குப்புராஜின் கண்ணில் பட்டது. 'இருபது கிலோ வரை' என்று இருந்தது. அது தாங்குவது பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் கொக்கி மெல்ல விரியும். தன் கையாலேயே சோதித்தவர் அவர்.

பப்ளிக் ஃபோல்டரைத் திறந்தார். அந்தப் பக்கத்தில் இருபதை அழித்துப் பன்னிரண்டு என்று போட்டார். ஏற்றினார். இரண்டு நிமிட வேலை. யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை, தொட்டில் துணி துவைப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கட்டளை கொடுத்தார். ஏற்றினார்.

வியாழக்கிழமை காலை ஒரு போன் வந்தது. குப்புராஜ் ஸ்பீக்கரில் போட்டார். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு அம்மா.

"சின்ன ஸ்பிரிங் வாங்கினோம்யா. மாட்டினதுலருந்து கிர்ருகிர்ருனு சத்தம் வருது. எண்ணெய் விடலாமா?"

"குழந்தை எத்தனை கிலோங்கம்மா?"

"ரெண்டு வயசு முடிஞ்சிட்டு. பதினாலு இருப்பான்."

குப்புராஜ் எழுந்து நின்றுவிட்டார்.

"இப்ப குழந்தை எங்கீங்க?"

"தொட்டில்லதான். இப்பதான் கண்ணசந்தான்."

"எறக்கிடுங்கம்மா. இப்பவே எறக்கிடுங்க."

"அரை மணி நேரம் ஆட்டித் தூங்க வச்சிருக்கேன், என்னய்யா நீங்க!"

"அழுதாப் பரவால்லீங்க. எறக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பையன் அழும் சத்தம் போனில் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் குப்புராஜ் உட்கார்ந்தார்.

"அது பன்னெண்டு கிலோதாங்கம்மா தாங்கும்."

"எந்த வயசுக்கு எந்த ஸ்பிரிங்னு நீங்கதானய்யா போட்டிருக்கீங்க? இருபதுன்னு இருக்கே! படிச்சுப் பாத்துதான வாங்கினோம்."

குப்புராஜ் மன்னிப்புக் கேட்டார். பெரிய ஸ்பிரிங் ஒன்றை அன்றைக்கே அனுப்பச் சொல்லி முகவரி எழுதிக்கொண்டார். பிறகு சின்ன ஸ்பிரிங்கின் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

இருபது கிலோ.

மறுபடியும் பப்ளிக் ஃபோல்டருக்குப் போய்ப் பன்னிரண்டு என்று போட்டார். ஏற்றினார்.

மதியம் ஷமீமா வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் திருத்தினது ஏன் நிக்க மாட்டேங்குது?"

"எங்க திருத்தினீங்கண்ணா?"

"அந்தப் பக்கத்துலயேதானுங்க."

"காட்டுங்க."

குப்புராஜ் பப்ளிக் ஃபோல்டரைக் காட்டினார். ஷமீமா மவுசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஃபோல்டரை அப்படியே அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார்.

"டீச்சர்! நாலு மாச வேலைங்க அது!"

"டீ சொல்லலாமாண்ணா?"

"டீயா!"

டீ வந்தது. ஷமீமா குடித்தார். குப்புராஜின் டீயில் ஆடை படிந்தது.

"என்ன போச்சுண்ணா? சொல்லுங்க."

"எல்லாந்தான். படம், கட்டுரை, ஸ்பிரிங் பக்கம் அத்தனையும்."

"கட்டளை குடுங்க."

குப்புராஜ் தட்டினார். டீயை ஒரு வாய் குடிப்பதற்குள் ஃபோல்டர் திரும்ப வந்து நின்றது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். படம் இருந்தது. துணி துவைக்கும் கட்டுரை இருந்தது.

"அப்பாடா. எல்லாம் வந்துருச்சுங்க."

"எல்லாமா?"

குப்புராஜ் சின்ன ஸ்பிரிங்கின் பக்கத்தைத் திறந்தார். இருபது கிலோ.

"பன்னெண்டு எங்கீங்க போச்சு?"

"நீங்க அதை எங்க வெச்சிருந்தீங்க?"

அவர் பப்ளிக் ஃபோல்டரைப் பார்த்தார்.

"அண்ணா, டெஸ்டிங் மேசைல கொக்கி விரிஞ்ச பீஸ் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிப் போட்டுட்டு மிஷின் செட்டிங்கைப் போய்ப் பார்ப்பேன்."

"குறடு வெச்சு நெளிச்சு, நேராக்கி, பெட்டில போட்டு அனுப்ப மாட்டீங்களா?"

"ச்சே, என்ன டீச்சர் பேசறீங்க. குழந்தை தூங்கறதுங்க அது."

சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பசை டப்பாவை மூடுகிற சாக்கில் தானும் தலையைக் குனிந்துகொண்டதாக ஹெலன் அக்கா சொன்னார்.

பிறகு குப்புராஜ் எண்கள் இருக்கும் பட்டியலைத் திறந்தார். சின்ன ஸ்பிரிங்கின் வரியைத் தேடிப் பிடித்தார். இருபதைப் பன்னிரண்டாக்கினார். ஷமீமா கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார்.

கட்டளை கொடுத்தார். பக்கத்தில் பன்னிரண்டு வந்தது.

"இனிமே நிக்குமுங்களா?"

"ஃபோல்டரை அழிச்சுப் பாருங்க. இந்தத் தடவை நீங்க."

குப்புராஜ் ஃபோல்டரின் மேல் அம்புக்குறியை வைத்தார். விரலைத் தூக்கினார். அழுத்தவில்லை. மறுபடி வைத்தார். மறுபடியும் எடுத்துவிட்டார்.

"என்னண்ணா?"

"என்னமோ பயமா இருக்குங்க டீச்சர்."

"பயமா இருந்தா, இன்னும் ஏதோ ஒண்ணை அங்க மட்டுமே வெச்சிருந்தீங்கண்ணா."

குப்புராஜ் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தார். பிறகு, "போன் நம்பர்," என்றார், சின்னக் குரலில். "போன மாசம் அதையும் இங்கயேதான் மாத்தினேன். பழசு திரும்பி வந்துருச்சுங்க."

அதையும் மூலக் கோப்புக்குப் போய் மாற்றினார். பிறகு ஒரே அழுத்தாக அழுத்தினார்.

ஹெலன் அக்கா சொன்ன கதை இத்தோடு முடிகிறது. குப்புராஜ் இப்போது ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறார். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவரிடமே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் சந்தேகம் இதுதான். திங்கள் கையால் திருத்தியது புதன்கிழமைதானே அழிந்தது? அந்த அம்மா செவ்வாய்க்கிழமையே படித்திருந்தால் தப்பித்திருப்பாரா?

தளத்தில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு இருக்கிறது. அதைப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை மாலை, குப்புராஜின் பெயரில் இரண்டு வரிகள் மாறியிருக்கின்றன. ஒன்று போன் நம்பர். மற்றொன்று பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டு எந்தெந்தப் பக்கங்களுக்குப் போகிறது என்றும் எண்ணினேன். ஒன்பது. அதில் ஒன்று 'எந்த வயதுக்கு எந்த ஸ்பிரிங்?' என்ற கட்டுரை, அந்த அம்மா போனில் சொன்னது. அதை அவர் கையால் தொட்டதே இல்லை. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் அதில் இருபது என்றுதான் இருந்திருக்கிறது.